மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 95,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வீடு வருகிறது, வாங்கலாமா?

கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா, நான் இங்கே அறை வாடகையில் இருக்கிறேன். பேராக்கில், சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடி டெரஸ் (வரிசை) வீடு, மூன்று அறை, 95,000 வெள்ளி என்கிறார் ஏஜெண்டு. இங்கே அந்தக் காசுக்கு ஒரு கார்தான் வரும். என் அப்பா அந்த ஊர்ப் பக்கம் எல்பில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி, எனக்கும் ஊர் பிடிக்கும். நண்பர்கள் எல்லாம் செத்துப்போன ஊர் என்கிறார்கள். வாங்கலாமா?"

2024 மார்ச் 2

வாங்கலாம் தம்பி. ஆனால் யார் விற்கிறார் என்று நீ எழுதவே இல்லை. ஏஜெண்டு பெயரைக் கேட்கவில்லை, கெரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறேன். இந்த ஊரில் வீடு மலிவாகக் கிடைப்பதற்குச் சுவர் விரிசலும் கரையானும் பாதிக் காரணம்கூட இல்லை. சுவரைப் பூசிவிடலாம். காகிதத்தில்தான் கோளாறு இருக்கும். லாட் (மனை) நம்பரையும் ஹக்மிலிக் (உரிமைப் பதிவு) நம்பரையும் கேட்டு வாங்கு, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி சாரியான் ரஸ்மி (நிலப் பதிவு விவரத் தாள்) எடு. உரிமையாளர் யார், பேங்கில் அடமானம் இருக்கிறதா, யாராவது கவியட் (ஆட்சேபப் பதிவு) போட்டிருக்கிறார்களா, நிரந்தர நிலமா குத்தகை நிலமா, கைமாற்றுவதற்குத் தடை ஏதாவது உண்டா, எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். தாள் கைக்கு வரும்வரை ஒரு காசு கொடுக்காதே. "வேறு ஆள் ரெடியாக இருக்கிறார்" என்பார் ஏஜெண்டு. இருக்கட்டும். இந்த ஊரில் வேறு ஆள் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடமாட்டார்.

2024 மார்ச் 3

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வீட்டைப் பார்க்காதே, காலையில் எல்லாத் தாமானும் (குடியிருப்பும்) நல்ல தாமானாகத்தான் தெரியும். வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்கு வா. வரிசையில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார். எரியாத வீட்டில் வாட்டர் மீட்டர் இருக்கிறதா என்றும் பார். மீட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் போகிற கூட்டம் ஒன்று உண்டு, அது எந்தத் தெருவில் நடக்கிறதோ அந்தத் தெருவில் ராத்திரி யாரும் விழித்திருப்பதில்லை என்று அர்த்தம்.

2024 மார்ச் 9

தம்பி தாள் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார். உரிமையாளர் 2009இல் இறந்தவர். பேரன்தான் ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறான். "பேரன் நல்ல பையன் அக்கா, அவனே எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான்."

நல்ல பையனாகவே இருக்கட்டும். இறந்தவர் பெயரில் உள்ள வீட்டைப் பேரன் விற்க முடியாது, மகனும் விற்க முடியாது. முதலில் பங்கீடு நடக்க வேண்டும். இரண்டு மில்லியன் வெள்ளிக்குள் உள்ள சொத்து, அதில் நிலமோ வீடோ இருக்கிறது, உயிலும் இல்லை என்றால் 'சிறு சொத்து' என்று நில அலுவலகத்து வழியாகவே முடிக்கலாம், 1955இல் வந்த சட்டம். லாயர் இல்லாமலும் போகலாம். ஆனால் வாரிசு அத்தனை பேரும் விசாரணைக்கு வர வேண்டும் அல்லது சம்மதம் எழுதித் தர வேண்டும். உயில் இல்லையென்றால் நம்மவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம்தான்: இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் இருந்தால் கணக்கு மாறும். மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, அவளுக்குப் பங்கில்லை என்கிற பேச்செல்லாம் அந்த மேசையில் செல்லாது. பிள்ளைகளில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதில் ஒன்று பதினெட்டு வயதாகாதது என்றால் இன்னும் ஒரு சுற்று.

நான் வாங்கிய வீடும் இப்படித்தான். லோரி ஓட்டியவர் ஒருவரின் வீடு, அவரும் போய் மனைவியும் போய் ஐந்து பிள்ளைகள். ஒருவர் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூர் போய் வருகிறவர், ஒருவர் கிள்ளானில், இரண்டு பேர் இதே ஊரில். இந்த நான்கு பேரும் விலைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாவது தங்கைச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். பணம் அதிகம் வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணன்மார் யாரும் வந்து நிற்கவில்லை என்பதுதான் வழக்கு. பத்திரத்தில் எழுத முடியாத வழக்கு. கடைசியில் பெரியண்ணன் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் காரில் உட்கார்ந்திருந்தேன், என் டெபாசிட் ஆயிற்றே. அந்த அம்மா தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அண்ணனுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று ஒரு மூச்சு திட்டினார். திட்டி முடித்ததும் "எங்கே போட வேண்டும்" என்று பேனாவைக் கேட்டார்.

ஆக, பேரனிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல. தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யாரோடு பேசுவதில்லை?

2024 மார்ச் 10

புதிய கிராமத்துப் பக்கம் இன்னும் மலிவு என்று ஒருவர் சொல்கிறார். மலிவுதான். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் மக்களைக் கொண்டுவந்து கம்பிவேலிக்குள் குடிவைத்த இடங்கள் அவை, பெரும்பாலும் குத்தகை நிலம். மீதி எத்தனை ஆண்டு என்று பார்க்காமல் விலை பேசாதே. மீதி குறையக் குறைய பேங்கு முகம் சுளிக்கும், நீட்டிக்க வேண்டுமென்றால் மாநில அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், கைமாற்றுவதற்கே மாநில அனுமதி கேட்கும் நிலங்களும் உண்டு. மலாய் ரிசர்வ் நிலம் (மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கியது) என்று தாளில் வந்தால் அதோடு மடித்து வைத்துவிடு, நம் பெயருக்கு மாறாது.

2024 மார்ச் 17

கையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வீட்டுக்கு 90 விழுக்காடு லோன் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எதில் 90 என்பதுதான் விஷயம். வாங்கும் விலை, மதிப்பீட்டாளர் போடும் விலை, இரண்டில் எது குறைவோ அதில். ஊர் களையிழந்து கிடக்கிறது, பக்கத்து வீடுகள் எல்லாம் குறைந்த விலைக்குப் போயிருக்கின்றன என்றால் மதிப்பீடு 80,000 என்று வரலாம். அதில் 90 விழுக்காடு 72,000. விற்கிறவர் 95,000க்குக் குறைய மாட்டேன் என்றால் மீதி 23,000 உன் பையிலிருந்து. பூச்சோங்கில் அறை வாடகை கட்டிக்கொண்டு அவ்வளவு சேர்த்திருக்கிறாயா? அதோடு சிறிய லோன் என்றால் சில பேங்குகள் கையிலேயே எடுப்பதில்லை. நான் போன இடத்தில் ஒரு அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எதற்கு, கார் லோன் எடுங்களேன் என்றார். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பேங்கில் கிடைத்தது.

லாயர் கட்டணம் இப்போது முதல் 5 லட்சம் வெள்ளி வரை 1.25 விழுக்காடு, குறைந்தது 500 வெள்ளி. 95,000க்கு ஏறக்குறைய 1,190 வரும், அதற்கு மேல் இந்த மாதத்திலிருந்து 8 விழுக்காடு சேவை வரி. லோன் பத்திரத்துக்குத் தனியாக ஒரு பில். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, ஆனால் முதல் வீடு, 5 லட்சத்துக்குள் என்றால் விலக்கு உண்டு. முதல் வீடா என்பதில் விளையாடாதே. அப்பா இறந்தபோது பங்கில் உன் பெயர் ஏதாவது வீட்டில் ஏறியிருந்தால் லாயரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும், அதனால் 10 விழுக்காடு முன்பணத்துக்கு வேறு வழி பார்த்து வைத்திருக்க வேண்டும். கூட்டு (சீட்டு) போடுவதில் எடுத்த காசு, அக்காவின் வளையல், ஏதோ ஒன்று.

பிடிபிடிஎன் படிப்புக் கடன் பாக்கி இருந்தால், பேங்குகள் பார்க்கிற சிசிரிஸ் கடன் அறிக்கையில் அழகாக உட்கார்ந்திருக்கும். பேங்கு பார்ப்பதற்கு முன்னால் நீ பார்த்துவிடு.

2024 மார்ச் 18

"எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, நாசி லெமாக் வியாபாரம்" என்று ஒரு தங்கைச்சி. எஸ்ஜேகேபி என்று அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கென்றே உள்ளது. பேங்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தினமும் விற்ற காசைப் பேங்கில் போட்டு எடுங்கள், தலையணைக்கடியில் வைத்தால் வருமானம் என்று யாரிடம் காட்டுவீர்கள்?

2024 மார்ச் 24

கடன் கட்டாத வீட்டை விற்கிற ஏலம், அதுதான் லெலோங், பற்றி ஒரு அண்ணன் நீளமாக எழுதியிருக்கிறார். ஏஜெண்டு கமிஷன் இல்லை, வாரிசுத் தொல்லை இல்லை, பாதி விலை, ஆகவே தம்பி லெலோங் வீட்டைத்தான் பிடிக்க வேண்டும் என்கிறார். பாதிதான் சரி.

வாரிசுத் தொல்லை குறைவு என்பது உண்மை. மாநிலப் பதிவகத்துக் கெரான் என்றால் ஹைகோர்ட் ஏலம், நில அலுவலகத்துக் கெரான் என்றால் நில அலுவலகத்திலேயே ஏலம். ஆரம்ப விலையில் 10 விழுக்காட்டுக்கு பேங்க் டிராஃப்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுக்க ஆள் வராவிட்டால் அடுத்த முறை விலையை இறக்குவார்கள், அதனால் காத்திருக்கிற கழுகுகளும் அங்கே உண்டு. கிடைத்துவிட்டால் மீதி 120 நாளில். அதற்குள் லோன் வராவிட்டால் 10 விழுக்காடும் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் போனது, மதிப்பீடு குறைவாக வந்து லோன் பத்தவில்லை.

அண்ணன் சொல்லாமல் விட்டது, உள்ளே ஆள் இருப்பது. வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே உனக்கு, உள்ளே இருக்கிற மனிதரோடு சேர்த்து. பேங்கு காலி பண்ணித் தராது. ஏலத்தில் எடுத்தவன் என்று பூட்டை உடைத்துக்கொண்டும் போக முடியாது, கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். இது சிறிய ஊர் என்பதை மறந்துவிடாதே. அந்த வீட்டில் இருப்பவர் உன் அப்பாவோடு எல்பிலில் பால் மரம் (ரப்பர்) சீவியவராக இருக்கலாம். நீ கோர்ட்டில் ஜெயித்துவிட்டு தைப்பூசத்தில் அவர் பக்கத்தில் நின்று பால்குடம் தூக்கப் போகிறாயா? லெலோங் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலி வீடா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுக் கையைத் தூக்கு.

2024 ஏப்ரல் 6

"செத்துப்போன ஊர்" என்று தம்பியின் நண்பர்கள் சொன்னதை விட்டுவிட்டோம்.

சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊர் வருவதே சாவோடுதான், 1948 ஜூன் 16, மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கொலை, அதிலிருந்து அவசரகாலம். அதற்கப்புறம் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளியைத் தெருவில் விட்ட காலத்தில், 1960இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகளின் காசைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது என்பது யோசனை, வாங்கவும் செய்தார்கள். எங்கள் தாத்தாவும் பங்கு வாங்கினார். தோட்டத்தில் பங்கு இருந்தது, குடியிருந்த லயத்து வீட்டில் (தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில்) ஓர் ஓடு சொந்தமில்லை. அப்பா 55 வயதில் வேலையை விட்டு நின்றதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. பிறந்ததிலிருந்து இருந்த வீடு. அம்மா முருங்கை மரத்தை என்ன செய்வது என்று கேட்டார், யாருக்கும் பதில் தெரியவில்லை.

அப்படி இறங்கி வந்தவர்களுக்காகத்தான் இந்தச் சிறிய டெரஸ் வீடுகள் எல்லாம் கட்டி விற்கப்பட்டன. அவர்கள் பிள்ளைகள் படித்துவிட்டு ஷா ஆலாம், பினாங்கு என்று போய்விட்டார்கள். தோட்டத்தில் பால் மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஊர் சாகவில்லை, வாரிசு வெளியூரில் இருக்கிறது. மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் பள்ளி விடுகிற நேரத்தில் வந்து காரை நிறுத்திப் பார், நிறுத்த இடம் கிடைக்காது. 1954இல் திறந்த தமிழ்ப் பள்ளி, அந்தப் பள்ளிக்காகவே ஊரை விடாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2024 ஏப்ரல் 7

தெற்குப் பார்த்த வாசல் என்று விலையைக் குறைத்துக் கேட்கலாமா என்று ஒருவர். தாராளமாக. விற்கிறவர் வாஸ்து பார்க்கிறவராக இருந்தால் குறைப்பார், இல்லையென்றால் சிரிப்பார், இரண்டிலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

2024 மே 12

மார்ச் 17இல் எழுதியதில் ஒரு பெயர் மாற்றம். நேற்றிலிருந்து இபிஎஃப் மூன்று கணக்காகிவிட்டது. புதிதாகக் கட்டுகிற பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 செஜாதரா கணக்குக்கு, 10 ஃபிளெக்ஸிபல் கணக்குக்கு. வீட்டுக்கு எடுப்பது செஜாதராவிலிருந்து. முன்பு இரண்டாம் கணக்கில் 30 விழுக்காடு விழுந்தது, இனி 15தான், அதனால் இளையவர்களுக்கு வீட்டுப் பணம் மெதுவாகத்தான் சேரும். ஃபிளெக்ஸிபலில் விழுவதை எடுத்து ஐபோன் வாங்கிவிட்டு என்னிடம் முன்பணத்துக்கு யோசனை கேட்காதீர்கள்.

2024 ஜூன் 15

பழுது பார்க்கும் செலவு. தொகை சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு மாறும். எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.

கதவு நிலையின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், மண்ணால் இழுத்த மெல்லிய கோடு தெரிந்தால் கரையான். கட்டைவிரலால் அழுத்திப் பார். என் வீட்டுப் பின்கதவு நிலை பெயிண்டு தோலாகத்தான் நின்றுகொண்டிருந்தது, விரல் உள்ளே போய்விட்டது, உள்ளே ஒன்றுமே இல்லை. பிறகு கூரைச் சட்டத்தைப் பார்க்க ஏறினோம். அங்கே போகவில்லை, தப்பித்தேன்.

பழைய மலிவு வீடுகளில் கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளுகிற ஆளை வேலைக்கு வைக்காதே. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பெட்டியில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் இருந்தால் வயரிங் முழுவதையும் மாற்றிவிடு, பதிவு பெற்ற வயர்மேன் வேண்டும், பக்கத்து வீட்டு அங்கிள் போதாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பின்சந்துக் கால்வாயைப் பார்: தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு இருந்தால் பெயிண்டு அடித்தாலும் அது திரும்ப வரும்.

2024 ஜூலை 20

சிறு சொத்து வரம்பை இந்த வாரம் 2 மில்லியனிலிருந்து 5 மில்லியனாக உயர்த்திவிட்டார்கள். நம் தாமானில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

தம்பி எழுதியிருக்கிறார்: தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், மூன்று பேர் சம்மதம், ஒரு மாமா 1990களில் வீட்டை விட்டுப் போனவர், எங்கே என்று தெரியாது. பேரன் "அவரை விட்டுவிட்டு முடித்துவிடலாம்" என்கிறானாம். விட முடியாது. அவர் உயிரோடு இருந்தால் அது அவர் பங்கு. இதை ஏஜெண்டோ பேரனோ சொல்லும் யோசனைப்படி முடிக்காதே. நீயே ஒரு லாயரை வை, விற்கிறவர் லாயரையே இருவருக்கும் வைத்துக்கொண்டு 500 வெள்ளி மிச்சம் பிடிக்காதே. பங்கீடு முடிந்து கெரானில் வாரிசுகள் பெயர் ஏறிய பிறகு விலை பேசிக்கொள்ளலாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு வேறு வீடு பார்.

2024 ஆகஸ்ட் 11

வேறு வீடு பார்த்துவிட்டார். அடுத்த தெரு, 108,000 வெள்ளி, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், அவர் பெயரிலேயே கெரான், நிரந்தர நிலம், அடமானம் இல்லை. "13,000 அதிகம் அக்கா" என்று அழுகிறார். அந்த 13,000 ஒரு காணாமல் போன மாமாவின் விலை. கொடு.

விலை ஏறுமா என்று கடைசியாகக் கேட்கிறார். ஏறும் என்று சொல்லி உன்னைத் தூக்கிவிட மாட்டேன். என் வீட்டை இன்று விற்றால் போட்ட காசு வரும், பழுது பார்த்த காசு வராது. வாடகைக்கு விடலாம், செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள் கேட்பார்கள், முதலாளி மொத்தமாக எடுப்பார். முன்பு காலி வீட்டைப் பற்றி எழுதினேனே, அதைவிட அவர்கள் இருக்கும் வீடு எவ்வளவோ மேல், இரவில் விளக்கு எரியும். ஆனால் மூன்று அறையில் எத்தனை பேரைப் போடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள், செப்டிக் தொட்டி சிறியது.

நீ ஈப்போவில் வேலை தேடிக்கொண்டு வந்து இருப்பதாக இருந்தால் கணக்கே வேறு. 30 கிலோமீட்டர், பழைய சாலையிலும் வரலாம், ரயிலும் நிற்கிறது. மாதத் தவணை பூச்சோங் அறை வாடகைக்குப் பக்கத்தில் வரும். பேங்கில் கேட்டுப் பார், 35 ஆண்டு தவணை என்று இழுப்பார்கள், உன்னால் 20இல் கட்ட முடியுமென்றால் 20 போடு.

ஆசிரியை வீட்டுப் பின்பக்கம் ரம்புத்தான் மரம் ஒன்று இருக்குமே, அதன் வேர் கால்வாயைத் தூக்கியிருக்கிறதா பார்த்தாயா? பார்த்துவிட்டு எழுது. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, விலையில் கேட்கலாம்.